சம்பளம் வாங்கிய சமையலறை

1984 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘ஹூஸ் த பாஸ்?’ தொடங்கியது. யார் முதலாளி என்று தலைப்பிலேயே கேட்ட நகைச்சுவைத் தொடர். டோனி மிசெல்லி புரூக்ளினைச் சேர்ந்தவன். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பேஸ்பால் ஆடி, தோள்பட்டைக் காயத்தால் ஆட்டத்தை விட்டவன். மனைவி இறந்துவிட்டாள். மகள் சமந்தாவை நல்ல சூழலில் வளர்க்க வேண்டும் என்பதற்காகக் கனெக்டிகட் மாநிலத்தின் வசதியான புறநகர் ஒன்றில், வீட்டோடு தங்கிச் சமைத்துத் துவைத்துப் பெருக்கும் வேலைக்கு வருகிறான். வீட்டுக்காரி ஏஞ்சலா பவர், நியூயார்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்தின் தலைவி. கணவனைப் பிரிந்தவள், ஜோனத்தன் என்று ஒரு மகன். டோனியை வேலைக்குத் தேர்ந்தெடுப்பது ஏஞ்சலாவின் அம்மா மோனா.

எட்டுப் பருவங்கள் ஓடிய இந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏப்ரன் கட்டிய ஆணையும், கைப்பெட்டியோடு அலுவலகம் கிளம்பும் பெண்ணையும்தான் முதலில் சொல்வார்கள். என் கவனம் வேறொன்றில் போய் நிற்கிறது. டோனிக்குச் சம்பளம் உண்டு. அவன் செய்வதையெல்லாம் எழுதிப் பார்த்தால், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தொலைக்காட்சியில் மனைவிகள் செய்துகொண்டிருந்த அதே வேலைகள்தான்: காலைச் சாப்பாடு, இஸ்திரி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், காய்ச்சலடிக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அந்த மனைவிகளுக்குக் கிடைக்காத இரண்டு அவனுக்குக் கிடைத்தன. ஒன்று சம்பளம். இன்னொன்று, வேலை தெரிந்தவன் என்ற பெயர்.

இரண்டாவதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதுவரை ஆணைச் சமையலறைக்குள் அனுப்பிய சிட்காம்கள் பெரும்பாலும் அவன் தடுமாறுவதைக் காட்டிச் சிரிக்க வைக்கத்தான் அனுப்பின. அதற்கெல்லாம் தாய் என்று சொல்லத்தக்கது ‘ஐ லவ் லூசி’ தொடரின் ஓர் அத்தியாயம். 1952 செப்டம்பர் 15 அன்று, இரண்டாம் பருவத்தின் தொடக்கமாக சிபிஎஸ் அதை ஒளிபரப்பியது. லூசி கணக்கில் பணம் இல்லாமல் செக் எழுதிவிடுகிறாள். கணவன் ரிக்கிக்குக் கோபம். சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டைப் பார்த்துக்கொள்வது கஷ்டமா என்று வாக்குவாதம் வளர்ந்து, ஒரு வாரம் வேலையை மாற்றிக்கொள்வது என்று முடிவாகிறது. ரிக்கியும் அடுத்த வீட்டு ஃப்ரெட்டும் சமையலறைக்குப் போகிறார்கள். லூசியும் ஃப்ரெட்டின் மனைவி எத்தலும் வேலைவாய்ப்பு ஏஜென்சி வழியாக ஒரு மிட்டாய்த் தொழிற்சாலைக்குப் போகிறார்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது? நாலு பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று ரிக்கிக்குத் தெரியாது. தலைக்கு ஒரு பவுண்டு என்று கொட்டுகிறான். பொங்கி வழியும் சோறு அடுப்பை மூடித் தரையில் ஓடுகிறது. பிரஷர் குக்கரில் வைத்த கோழி கூரைக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. தொழிற்சாலையில் நடப்பது வேறு. கன்வேயர் பெல்ட்டில் வரும் சாக்லேட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்ற வேண்டும். சுற்றாமல் ஒன்று தாண்டிப்போனாலும் வேலை போய்விடும் என்று எச்சரித்துவிட்டுப் போகிறாள் மேற்பார்வையாளர். முதலில் இருவராலும் முடிகிறது. பிறகு பெல்ட்டின் வேகம் கூடுகிறது. வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் ஒளிக்கிறார்கள். திரும்பி வந்து பெல்ட் சுத்தமாக இருப்பதைப் பார்க்கும் மேற்பார்வையாளர், இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லிக் குரல் கொடுக்கிறாள்.

தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிட அதிகம் சிரிக்க வைத்த சில நிமிடங்கள் இருக்குமா என்பது சந்தேகம். எனக்கும் அது அலுக்கவே இல்லை. ஆனால் அந்த அத்தியாயம் இரண்டு தரப்பையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது: நீங்களும் தோற்றீர்கள், நாங்களும் தோற்றோம், அவரவர் இடத்துக்குத் திரும்புவோம். ஆண்கள் ஆளுக்கொரு சாக்லேட் பெட்டி வாங்கி வந்து சமாதானம் செய்கிறார்கள். இரண்டு தோல்வியும் ஒரே மாதிரியானவையா? ரிக்கி தோற்றது வேலை தெரியாததால். அரிசி அளப்பதற்குக்கூட ஒரு படிப்பு தேவை என்பது அவனுக்கு அதுவரை உறைத்ததே இல்லை. லூசியும் எத்தலும் பெல்ட்டில் தோற்றது, யாராலும் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் அதை ஓட்டியதால். அதே அத்தியாயத்தில், இந்தக் காட்சிக்கு முன்னால், லூசிக்குப் பக்கத்தில் நின்று சாக்லேட் தோய்க்கும் பெண்ணின் கைகளைப் பாருங்கள். நிஜமாகவே அந்தத் தொழில் செய்தவரை அழைத்து வந்து நடிக்க வைத்தார்கள். முகத்தில் ஓர் அசைவு இல்லாமல் அவர் கை மட்டும் வேலை செய்கிறது. தொழில் தெரிந்த பெண் அங்கே இருக்கிறார். கதைக்குத்தான் அவர் தேவைப்படவில்லை.

திரைக்குப் பின்னால் நிலைமை தலைகீழ். இந்தத் தொடரை எழுதிய மூவரில் ஒருவர் மேடலின் பியூ என்ற பெண். கணவனின் கிளப்பில் ஒரு சின்ன வேடமாவது வாங்கிவிடத் துடிக்கும் இல்லத்தரசியாக நடித்த லூசில் பால், கணவர் டெசி அர்னாஸுடன் சேர்ந்து டெசிலு ஸ்டூடியோவின் உரிமையாளர். மணமுறிவுக்குப் பிறகு 1962இல் அர்னாஸின் பங்கையும் வாங்கி அதன் தலைவரானார். ‘ஸ்டார் ட்ரெக்’ உருவானது அந்த ஸ்டூடியோவில்தான். அத்தனை பெரிய நிர்வாகிக்குத் திரையில் கிடைத்த இடம், ஒரு வாரம்கூட வேலையில் நிலைக்காத லூசியின் இடம். 1950இல் அமெரிக்கப் பெண்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். மூன்றில் ஒருத்தி. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெல்ட் ஓடியது.

சம்பளத்துக்கு வீட்டு வேலை செய்யும் ஆளைச் சிட்காம் டோனிக்கு முன்பு கண்டதில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1950இலேயே ‘பியூலா’ வந்துவிட்டது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் வீட்டு வேலைக்காரியான கறுப்பினப் பெண்ணே அதன் நாயகி. எத்தல் வாட்டர்ஸ், ஹாட்டி மெக்டேனியல், லூயிஸ் பீவர்ஸ் என்று மூன்று பெரிய கலைஞர்கள் அடுத்தடுத்து அந்த வேடத்தை ஏற்றார்கள். பியூலாவுக்கும் சமைக்கத் தெரியும். அந்த வீட்டின் சிக்கல்களையெல்லாம் அவிழ்க்கிறவளும் அவள்தான். ஆனால் அந்த வீட்டில் யார் முதலாளி என்ற கேள்வியை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்ற வேண்டுமானால் அடுப்படியில் நிற்கிறவர் வெள்ளை ஆணாக இருக்க வேண்டியிருந்தது. நிஜ வாழ்க்கையின் பியூலாக்களுக்கு, அதாவது வீட்டுப் பணியாளர்களுக்கு, அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1974இல்தான் நீட்டிக்கப்பட்டது. அப்போதும் வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஓவர்டைம் சம்பளம் கிடையாது என்று விலக்கு வைத்தார்கள். டோனி மிசெல்லியும் அந்த விலக்குக்குள் வருகிறவன்தான். தொடரில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி அலுவலகம் போன பெண்ணின் பக்கம்: மேரி ரிச்சர்ட்ஸ். அவளை நாயகியாகக் கொண்ட ‘த மேரி டைலர் மூர் ஷோ’ 1970 செப்டம்பரில் வந்தது. முப்பது வயது, கல்யாணம் ஆகாதவள், மினியாபொலிஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் செய்திப் பிரிவில் வேலை. அவளை விவாகரத்து ஆனவளாகத்தான் முதலில் யோசித்தார்கள். சிபிஎஸ் சம்மதிக்காததால், நிச்சயம்வரை போய்ப் பிரிந்தவள் என்று மாற்றினார்கள். முதல் அத்தியாயத்தில் மேரி செக்ரட்டரி வேலை கேட்டு வருகிறாள். அந்த இடம் நிரம்பிவிட்டது என்கிறார் செய்திப் பிரிவின் தலைவர் லூ கிராண்ட். உதவித் தயாரிப்பாளர் வேலை இருக்கிறது, ஆனால் செக்ரட்டரி சம்பளத்தைவிட வாரத்துக்குப் பத்து டாலர் குறைவு. பதினைந்து டாலர் குறைத்துக்கொண்டால் தயாரிப்பாளர் என்றே போட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். தனக்குக் கட்டுப்படியாவது உதவித் தயாரிப்பாளர்தான் என்று மேரி அதையே எடுத்துக்கொள்கிறாள். பதவியின் பெயர் உயர உயரச் சம்பளம் இறங்கும் கணக்கு. பெண்களை வேலைக்கு எடுத்த எத்தனையோ அலுவலகங்களின் உள்ளறை ரகசியத்தை இரண்டே வசனத்தில் போட்டு உடைத்த காட்சி அது.

1972 செப்டம்பரில் தொடர் அதைவிட நேராகப் பேசியது. தனக்கு முன்பு இதே வேலையைச் செய்த ஆண் வாரத்துக்கு ஐம்பது டாலர் அதிகம் வாங்கியிருக்கிறான் என்று மேரி கண்டுபிடிக்கிறாள். லூவிடம் போய்க் கேட்கிறாள். அவன் ஆண், அவனுக்குக் குடும்பம் இருந்தது என்பது பதில். அப்படியென்றால் கல்யாணமாகாத ஆணுக்குக் குறைத்தும், பிள்ளைகள் அதிகம் உள்ளவனுக்குக் கூட்டியும் கொடுக்க வேண்டுமே என்று அவள் மடக்குகிறாள். லூவிடம் பதில் இல்லை. அந்த அத்தியாயம் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். சம ஊதியச் சட்டம் 1963இலேயே வந்துவிட்டது. ஆனால் நிர்வாக, தொழில்முறைப் பதவிகளை அதிலிருந்து விலக்கியிருந்தார்கள். அந்த விலக்கு நீங்கியது 1972 கோடையில். சட்டம் மாறிய சில மாதங்களுக்குள் ஒரு நகைச்சுவைத் தொடர் அந்த அநியாயத்தை வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுபோனது. தொடரின் முக்கிய எழுத்தாளர்களில் ஒருவரான ட்ரீவா சில்வர்மன் போன்ற பெண்கள் அந்த எழுத்து அறையில் இருந்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இருக்காது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. செய்தி அறையில் எல்லோரும் லூ என்று கூப்பிடுகிறவரை மேரி மட்டும் மிஸ்டர் கிராண்ட் என்றே கூப்பிடுகிறாள், ஏழு பருவமும். வீட்டில் அவள் விருந்து வைத்தால் ஒவ்வொரு முறையும் சொதப்புகிறது. வேலையில் கெட்டிக்காரி என்றால் வீட்டில் எங்காவது ஒரு குறை வைத்தாக வேண்டும் என்பது அப்போதே எழுதாத விதியாகியிருந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து ஏஞ்சலாவையும் அதே விதிதான் பிடித்தது. அவளுக்குச் சமையல் வராது. மகனிடம் எப்படிப் பேசுவது என்று டோனியிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆண் சமையலறைக்குள் வந்தபோது பேஸ்பால் ஆசையைக் கைவிடவில்லை. பழைய வேனைத் தானே பழுது பார்த்தான், பிள்ளைகளுக்குப் பந்து எறியவும் கற்றுக் கொடுத்தான். பெண் அலுவலகத்துக்குப் போனபோது அவளிடமிருந்து சமையலறையைக் கழித்துக்கொண்டார்கள். இதை மாற்றம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

1970களில் இத்தாலியிலும் பிரிட்டனிலும் நியூயார்க்கிலும் இயங்கிய ‘வீட்டு வேலைக்குச் சம்பளம்’ இயக்கத்தினர் சொன்னது இங்கே பொருந்துகிறது. செல்மா ஜேம்ஸ், மரியரோசா தல்லா கோஸ்தா, சில்வியா ஃபெடரிச்சி ஆகியோரின் வாதத்தின் சாரம் இது: சம்பளம் இல்லாததால்தான் வீட்டு வேலை ஒரு வேலையாகவே தெரிவதில்லை, பெண்ணின் சுபாவமாக, அவள் அன்பின் கசிவாகத் தெரிகிறது. ஆண் கைக்குப் போனதும் அது தொழிலாகிவிடுவதை நம் ஊரிலும் பார்க்கிறோம். ஆயிரம் பேர் பந்தியைக் கையாளும் கல்யாணச் சமையல் மாஸ்டர், அட்வான்ஸ் வாங்காமல் கரண்டியைத் தொடுவதில்லை. அவர் வீட்டில் தினமும் உலை வைக்கிறவருக்கு மாஸ்டர் என்று யாரும் பட்டம் கொடுத்ததில்லை.

திரையிலும் இதுவே தொடர்ந்தது. 1985இல் வந்த ‘குரோயிங் பெயின்ஸ்’ தொடரின் அப்பா மனநல மருத்துவர். மனைவி மேகி மறுபடி பத்திரிகை வேலைக்குப் போவதால் தன் கிளினிக்கை வீட்டுக்கே மாற்றிக்கொள்கிறார். பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார், ஃபீஸும் வாங்குவார். 1988இல் வந்த ‘மர்ஃபி பிரவுன்’ தொடரின் நாயகி புகழ்பெற்ற செய்தியாளர். கல்யாணம் ஆகாமலே குழந்தை பெற்றுக்கொள்கிறாள். 1992 மே மாதம் துணை அதிபர் டேன் குவேல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேசும்போது, அப்பாக்களின் முக்கியத்துவத்தை இந்தப் பாத்திரம் கேலி செய்கிறது என்று கண்டித்தார். நாடே அந்தச் சண்டையில் இறங்கியது. அந்தக் குழந்தையை நிஜத்தில் தூக்கி வளர்க்கிறவன் யார் என்று அந்தக் கூச்சலில் பெரிதாகப் பேச்சு இல்லை. ஆண்டுக்கணக்கில் மர்ஃபியின் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த எல்டின்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகிறான். மறுபடியும் ஓர் ஆண், மறுபடியும் கூலிக்கு.

கணவனாக இருந்துகொண்டு, சம்பளம் இல்லாமல், ஏஞ்சலா அளவுக்கு வெளியே உழைக்கும் மனைவிக்காக டோனி அளவுக்கு வீட்டு வேலை செய்யும் ஆணைப் படைக்க அந்தப் பத்தாண்டின் பெரிய தொடர்களுக்கு மனம் வரவில்லை. ‘ஹூஸ் த பாஸ்?’ முடிந்த விதம் இதைச் சொல்லிவிடுகிறது. எட்டு ஆண்டும் பார்வையாளர்கள் டோனி–ஏஞ்சலா கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள். டோனி கல்லூரியில் படித்து ஆசிரியராகிறான். கடைசியில் அயோவாவில் வேலை கிடைக்கிறது. அவனோடு போகும் ஏஞ்சலாவால் அங்கிருந்து தன் நிறுவனத்தை நடத்த முடியவில்லை, திரும்பிவிடுகிறாள். 1992 ஏப்ரலில் வந்த இறுதி அத்தியாயத்தில் டோனி கனெக்டிகட் வீட்டுக் கதவைத் தட்டுகிறான், வீட்டு வேலைக்கு ஆள் தேவையா என்று கேட்டபடி. தாலி கட்டாத முடிவு என்று ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது அந்தத் தொடரின் நேர்மையாகப் படுகிறது. கல்யாணம் ஆன மறுநாள் டோனியின் சம்பளம் நின்றுபோயிருக்கும். பிறகு யார் சமைப்பது? பிரிட்டனின் ஐடிவி இதே கதையை ‘த அப்பர் ஹேண்ட்’ என்று எடுத்தபோது இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தது. அமெரிக்கர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

1984இல் அமெரிக்கப் பெண்களில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 53 சதவீதம் பேர், வேலைச் சந்தையில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் டோனி இல்லை. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் கலிஃபோர்னியாவில் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதிகளின் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதிய ‘த செகண்ட் ஷிஃப்ட்’ 1989இல் வெளியானது. வேலைக்குப் போகும் மனைவி வீட்டு வேலையையும் சேர்த்தால் கணவனைவிட ஆண்டுக்கு ஒரு மாதம் கூடுதலாக உழைக்கிறாள் என்பது அதன் கணக்கு. அதுவும் இருபத்துநான்கு மணிநேர நாட்களால் ஆன மாதம். அதில் ஒரு தம்பதி பல சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள். மேல்தளம் மனைவிக்கு, கீழ்த்தளம் கணவனுக்கு. மேல்தளம் என்பது சமையலறை, கூடம், படுக்கையறைகள், குழந்தை. கீழ்த்தளம் என்பது கார் ஷெட். நாயையும் அவன் பார்த்துக்கொள்கிறான். சரிபாதி என்று இருவரும் மனதார நம்புகிறார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தச் சிட்காமும் எழுதத் துணியாத காட்சி அது.

துணிந்தது ஒன்று உண்டு. ‘ரோசான்’, 1988 அக்டோபரில் தொடங்கியது. இலினாய் மாநிலத்தின் லான்ஃபோர்டு என்ற கற்பனை ஊர். ரோசான் கானர் பிளாஸ்டிக் தொழிற்சாலைத் தொழிலாளி. கணவன் டேன் கட்டட வேலைக்காரன், வேலை கிடைத்தால் உண்டு. மூன்று பிள்ளைகள். முதல் அத்தியாயத்திலேயே பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. தொழிற்சாலையில் அனுமதி வாங்கி ஆசிரியையைப் பார்க்கப் போவது ரோசான். வீடு திரும்பினால் அடைத்த சிங்க் அப்படியே கிடக்கிறது. இரவுச் சாப்பாட்டைத் தான் செய்யட்டுமா என்று டேன் கேட்டால், மூன்று வருஷத்துக்கு முன்புதானே செய்தாய் என்கிற பொருளில் ஒரு பதில் வருகிறது. டேன் கெட்டவன் இல்லை. மனைவியை நேசிக்கிறவன், வேடிக்கையானவன். அதனால்தான் அந்த வசனம் குத்துகிறது.

முதல் பருவத்தின் இறுதி அத்தியாயம் 1989 மே மாதம் வந்தது. தொழிற்சாலைக்குப் புது மேலாளர் வருகிறார். நாளுக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கை ஏற்றிவிடுகிறார். லூசியின் பெல்ட் மறுபடியும் வேகமெடுக்கிறது, இந்த முறை சிரிக்க வைப்பதற்காக இல்லை. தன் வாயை அடக்கிக்கொண்டால் இலக்கைக் குறைப்பாரா என்று ரோசான் பேரம் பேசுகிறாள். அவள் அடங்கியும் அவர் வார்த்தையைக் காப்பாற்றவில்லை. ரோசானும் தங்கை ஜாக்கியும் தோழிகளும் ஒன்றாக வேலையை விட்டு வெளியேறுகிறார்கள். அந்த வெளியேற்றத்துக்கு விலை உண்டு என்பதையும் தொடர் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தொலைபேசியில் பத்திரிகைச் சந்தா விற்கிறாள், அழகு நிலையத்தில் தலை அலசிவிடுகிறாள், உணவகத்தில் மேசைக்குப் பரிமாறுகிறாள். பல பருவங்கள் கழித்துத்தான் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை.

இத்தனை அத்தியாயங்களில் நான் மிகவும் மதிப்பது மூன்றாம் பருவத்தில் வருகிறது. மகள் டார்லீனின் மனையியல் வகுப்புக்கு, இல்லத்தரசி என்ற முறையில் பேச வரும்படி ரோசானை அழைக்கிறார்கள். மகளுக்கு ஒரே கூச்சம். ரோசான் கரும்பலகைக்கு முன் நின்று உபதேசம் செய்யாமல் மாணவர்களை மளிகைக் கடைக்கு அழைத்துப் போகிறாள். கையில் உள்ள காசுக்குள் ஒரு குடும்பத்துக்கு இரவுச் சாப்பாடு வர வேண்டும். எதை எடுப்பது, எதை வைத்துவிடுவது, எந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை, எதை எதனோடு சேர்த்தால் ஐந்து வயிறு நிறையும் என்று சொல்லிக்கொண்டே தள்ளுவண்டியை உருட்டுகிறாள். அந்தக் காட்சிகளில் நாம் நன்றாகச் சிரிக்கிறோம். யாருடைய தெரியாமையைப் பார்த்தும் இல்லை. கூரையில் கோழி ஒட்டாமல், பெல்ட்டிலிருந்து சாக்லேட் சிதறாமல், ஒரு பெண்ணுக்கு அவள் வேலை எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதிலிருந்தே அந்தச் சிரிப்பு கிளம்புகிறது. டோனிக்கு முதல் நாளே கிடைத்த அந்தப் பெயரை ரோசான் அங்கே கடையில் நின்று, விலைச்சீட்டு விலைச்சீட்டாகக் காட்டி வாங்குகிறாள். சம்பளம் அப்போதும் இல்லை.